தேசவழமையின் எல்லைகள்: குடியேற்ற ஆட்சிப் பிரிவும் இலங்கைத் தனியாள் சட்டமும்

தேசவழமையை இலங்கைத் தமிழரின் தொன்மரபு பெற்ற எழுத்துவடிவமாக மட்டும் காணும் நோக்கு இன்றும் செல்வாக்குடன் உள்ளது. முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொத்துப் பகுப்பு அந்நோக்கிற்கு வலுவூட்டுகிறது. எனினும், வழமையின் தோற்றம் வேறு. அது சட்டமாகச் செல்லுபடியாகும் பரப்பு வேறு. பின்னதை வகுத்தது குடியேற்ற ஆட்சியின் எல்லையே.

ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணம் தனிப் பிரிவாக நிருவகிக்கப்பட்டது. அதன் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் 1706-07 காலப்பகுதியில் அங்கு நிலவிய வழக்கங்களைத் தொகுத்தார். அதன் தமிழ் வடிவத்தை 12 முதலியார்கள் சரிபார்த்தனர். ஆங்கிலேயரின் 1806ஆம் ஆண்டு 18ஆம் ஒழுங்குவிதி, யாழ்ப்பாண மாகாணத்தில் வாழ்ந்த, அன்று மலபாரிகள் எனப்பட்ட தமிழருக்கு அத்தொகுப்பைச் சட்டமாக்கியது. இனமும் இடமும் ஒரே விதியில் பிணைக்கப்பட்டன. பிற்காலத்தில் வடமாகாணமே அப்பரப்பாகக் கொள்ளப்பட்டது.

இதன் விளைவு பெண்களின் சொத்துரிமையில் தெளிவாகப் புலப்படுகிறது. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ நன்கொடையாக வழங்கவோ 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பொதுவாக இடமளிப்பதில்லை. பொதுச்சட்டத்தின்கீழ் வரும் மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணுக்கு இத்தடை இல்லை. மேலும், தேசவழமைக்கு உட்பட்ட ஆணை மணக்கும் பிற பெண், மணவாழ்வுக் காலத்தில் அச்சட்டத்திற்கு உட்படுகிறாள். அதற்கு உட்படாத ஆணை மணக்கும் யாழ்ப்பாணப் பெண் அதிலிருந்து விலகுகிறாள். ஆணின் சட்டநிலையே பெண்ணின் சட்டநிலையைத் தீர்மானிக்கிறது.

கிழக்கில் தாய்வழி மரபு சார்ந்த முக்குவர் வழமை நிலவியதால், இவ்வெல்லை முன்னரே இருந்த பண்பாட்டு வேறுபாட்டைத்தான் பிரதிபலிக்கிறது என வாதிடலாம். அவ்வேறுபாடு உண்மையே. ஆயினும், முக்குவர் வழமை சட்டவலுவை இழக்க, தேசவழமை நிலைத்தது. ஆகவே, ஒரு வழமையின் தொன்மை மட்டும் அதன் சட்ட வாழ்வை உறுதிசெய்யவில்லை. ஆட்சிப் பிரிவு சார்ந்த தொகுப்பும் அரச ஏற்பும் அதற்குத் தேவைப்பட்டன. 1815இல் ஆங்கிலேயர் வசமான கண்டிய மாகாணங்களைச் சார்ந்து கண்டியச் சட்டம் தனித்து நிலைத்தமையும் இம்முடிவுக்கு அரண் செய்கிறது.

எனவே, தேசவழமைச் சீர்திருத்தத்தை இனமரபின் மீதான தாக்குதலாக மட்டும் கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1911ஆம் ஆண்டின் விதி சட்டவாக்கத்தால் அமைந்தது. சட்டவாக்கத்தால் அதனைத் திருத்தவும் இயலும்.