மெட்டு நிற்க மொழி பெயர்தல்: சலீல் சௌத்ரியின் பாடல்களை முன்வைத்து

1995இல் மறைந்த இசையமைப்பாளர் சலீல் சௌத்ரியைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் ஒன்றையே வலியுறுத்துகின்றன. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்த அவர், நாட்டுப்புற இசையையும் மேலை இசையையும் இணைத்தார் என்பதே அது. இக்கருத்து சரியானதே. எனினும், மொழியாய்வாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அவர் விட்டுச்சென்ற செல்வம் வேறு. வங்காளம், இந்தி, மலையாளம், தமிழ் ஆகிய மொழிகளில் இசையமைத்த அவர், தம் மெட்டுகள் பலவற்றை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றிற்குக் கொண்டுசென்றார். மெட்டு மாறாது நிற்க, மொழி மட்டும் மாறும் இப்பாடல்கள் ஒப்பாய்வுக்கு உரிய அரிய தரவுகளாகும்.

‘ஆனந்த்’ (1971) இந்திப் படத்திற்காகக் குல்சார் எழுதி லதா மங்கேஷ்கர் பாடிய பாடல் ஒன்றை இங்குச் சான்றாகக் கொள்ளலாம். இம்மெட்டுக்கு வங்காள வடிவமும் உண்டு. இரண்டும் ‘நா’ என்னும் எதிர்மறைச் சொல்லில் தொடங்கி, முதல் தொடரை அச்சொல்லிலேயே முடிக்கின்றன. எதிலும் மனம் பொருந்தாத நிலையே இரண்டின் பொருளும். வங்காளத்தில் வினைக்குப் பின் ‘நா’ வருவது இயல்பு. இந்தி உரைநடையில் அது வினைக்கு முன் வரும். பாட்டு வழக்கே அதனைப் பின்னே நிற்க இடந்தருகிறது. ஆகவே, வங்காளத்தின் இயல்பு நடை இந்தியில் கவிதை நடையாகிறது.

இதே மெட்டு, பாலு மகேந்திராவின் ‘அழியாத கோலங்கள்’ (1979) படத்தில் கங்கை அமரனின் சொற்களோடு தமிழுக்கு வந்தது. தமிழில் எதிர்மறை வினையின் ஈற்றில் அமைவது. ‘இல்லை’ என்று தொடங்கலாமெனினும், அதன் குறிலும் இரட்டித்த மெய்யும் நீண்டொலிக்க வேண்டிய முதல் சுரத்திற்கு இசையா. தமிழ்ப்பாடல் ‘நான்’ என்று தொடங்குகிறது. ‘நா’ என்னும் ஒலி எஞ்சுகிறது; மறுப்பு, தன்மைப் பெயராகிறது. எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலில், பொருந்தா மனத்தின் துயரம் நினைவின் இன்பமாகிறது. பொருள் ஏறத்தாழத் தலைகீழாயிற்று; ஆயினும் பாடல் பழுதுபடவில்லை. இளமைக்கால நினைவைப் பேசும் அப்படத்திற்கு இம்மாற்றம் ஏற்புடையதே.

அதே இந்திப் படத்தில் யோகேஷ் எழுதி முகேஷ் பாடிய மாலைநேரப் பாடலின் வங்காள வடிவத்தைச் சலீலே எழுதினார். அங்கு அந்திப்பொழுது மறைந்து, கேள்வி கேட்கும் துருவ விண்மீன் இடம்பெறுகிறது. மெட்டைப் படைத்தவரே பொருளைப் பெயர்க்க முற்படவில்லை என்பது கருதத்தக்கது.

இத்தகைய பாடல்களை மெட்டின் மறுபயன்பாடு என ஒதுக்குவது திறனாய்வில் வழக்கமாக உள்ளது. மெட்டுக்கு எழுதும்போது அளவை நிரப்ப மட்டுமே சொற்கள் வந்து சேர்வதும் உண்டு. அங்கே அக்குறை பொருந்தும். ஆனால் சொல்லுக்குச் சொல், பொருளுக்குப் பொருள் என்னும் அளவுகோல்கள் இங்குப் போதா. நெடில் நிற்கும் இடம், மெய் மூடும் இடம், எதிர்மறை அமையும் இடம் ஆகியவையே எதனைக் காப்பது, எதனை விடுவது என்பதைத் தீர்மானிக்கின்றன. கவிதை மொழிபெயர்ப்பாளர் நாள்தோறும் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே.

எனவே, சலீலின் பன்மொழி வடிவங்களை அசை பிரித்து, சுரக்குறிப்போடு அருகருகே பதிப்பித்தல் வேண்டும். அத்தொகுப்பு இசை வரலாற்றுக்கு மட்டுமன்றி, இந்திய மொழிகளின் ஒப்பிலக்கணத்திற்கும் பயன்தரும்.