கொலோனில் ஒரு கொலுப்படி

மதுரையில் பெரியம்மா வீட்டுக் கொலுவில் மேல்படிகளை நான் நின்று பார்த்ததாக ஞாபகமே இல்லை. கண் தரையை விட்டு எழுந்தால்தானே! அங்கேதான் பூங்கா இருக்கும். தாம்பாளத்தில் மண் பரப்பி, கேழ்வரகும் கடுகும் தூவி முளைக்கவிட்ட புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு தெப்பக்குளம், குளத்தில் பிளாஸ்டிக் வாத்து. எல்லாவற்றையும் சுற்றி, சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில். வாத்து இன்ஜினைவிடப் பெரியது. விளாச்சேரியில் வாங்கிய செட்டியார் பொம்மை எழுந்து நின்றால் ரயில் அவர் முழங்காலுக்குத்தான் வரும். அதெல்லாம் எங்களுக்கு உறுத்தியதில்லை. வயிற்றைத் தரையில் வைத்து, கன்னத்தைச் சிமென்ட் தரையில் பதித்துப் படுத்துக்கொண்டால் வாத்தும் செட்டியாரும் மறைந்துவிடுவார்கள். ரயில் மட்டும் நேரே நம்மைப் பார்த்து வரும்.

இப்போது இருப்பது ஜெர்மனியின் கொலோனில். வரவேற்பறைச் சுவரில், நின்றால் நெஞ்சு உயரத்துக்கு வரும்படி, 140 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமுமாக ஒரு பலகையைப் பொருத்தியிருக்கிறேன். அதன்மேல் ஒரு துறைமுகக் கூட்ஸ் யார்டு. ஓர் இன்ஜின், எட்டு வேகன், தடம் மாற்ற இரண்டு பாயிண்ட், வேகன்களை ஒதுக்கி நிறுத்த மூன்று சைடிங். வட்டமாகச் சுற்றி ஓடும் ரயில் இதில் இல்லை. வீட்டில் இதற்குக் கேலியாக வைத்த பெயர் கொலுப்படி. யோசித்துப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான்.

ஏனென்றால் ஜெர்மன் வீடுகளிலும் ரயில் ஒரு காலத்தில் பண்டிகைச் சாமான். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பரணிலிருந்து பெட்டி இறங்கும். தண்டவாளம் விரியும். பண்டிகை முடிந்ததும் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி மறுபடி பரணுக்கு ஏற்றுவார்கள். வசதிப்பட்ட வருடம் புது வேகன் ஒன்று சேரும். பழந்துணி சுற்றிய பொம்மைகளை மரப்பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கி, வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர்க்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பழக்கத்தோடு ஒட்டிப்போன பெயர் மெர்க்லின். கொலோனின் மத்திய ரயில் நிலையம் திறந்த அதே 1859-இல்தான் தெற்கே கோப்பிங்கன் ஊரில் தியோடர் மெர்க்லின் தகரத்தில் பொம்மைச் சமையலறைச் சாமான்கள் செய்யத் தொடங்கினார். நம் சொப்புச் சாமான்தான். 1891-இல் அவருடைய பிள்ளைகள் லைப்சிக் சந்தையில் சாவி கொடுத்து ஓடும் ரயிலை, பாதையின் அகலத்தை இன்னின்ன அளவு என்று வரையறுத்து, எட்டு வடிவத் தண்டவாளத்தோடு கொண்டுவந்து வைத்தார்கள். அளவு நிலையானதும், இன்று வாங்கிய தண்டவாளத்தோடு அடுத்த வருடத் தண்டவாளம் பொருந்தியது. பொம்மை வீட்டுக்கு நாற்காலி, மேசை என்று சேர்த்துக்கொண்டே போவதுபோல ரயிலுக்கும் சேர்க்கலாம் என்றானது.

அப்போதெல்லாம் ரயில் தரையில் ஓடியது. 1935-இல் டிரிக்ஸ், மெர்க்லின் இரு நிறுவனங்களும் அதைப் பாதியாகச் சுருக்கியபோது மேசைமேல் ஏறியது. அந்த அளவை இங்கே ஹா-நுல் என்பார்கள். பூஜ்யம் என்று பெயர்பெற்ற பழைய 32 மில்லிமீட்டர் பாதையில் ஏறக்குறைய பாதி என்பதால் 'அரைப் பூஜ்யம்'. பாதையின் அகலம் 16.5 மில்லிமீட்டர். நிஜத்தில் 87 அடி இருப்பது இதில் ஓரடி. ஒரு மேசைக்குக்கூட இடமில்லாத வீடுகளில் இருக்கும் நாங்கள் அதை அலமாரிப் பலகைக்கு ஏற்றினோம்.

பலகையைச் சுவரில் ஏற்றுவது இந்த ஊரில் தனி வித்தை. கொலோனின் பெரும்பகுதி போரில் இடிந்து மறுபடி எழுந்தது. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றின் சுவரில் இருப்பது பிம்ஸ் எனும் எரிமலை நுரைக்கல். சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் லாஹர் ஸே எரிமலை கக்கியது. கனமில்லாதது, குளிர் தாங்கும், ஆனால் ஸ்க்ரூவைப் பிடித்து நிறுத்தாது. டிரில் பொசுக்கென்று உள்ளே போய்விடும். துளை அகன்று, பிளக் உள்ளேயே சுற்றும். என் முதல் இரண்டு துளைகள் அப்படித்தான் வீணாயின. நீளமான பிளக் வாங்கி வருவதற்குள் சனிக்கிழமை பொழுது சாய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை டிரில் சத்தம் கேட்டால் கீழ்வீட்டுக்காரர் படியேறி வருவார் என்பதால் திங்கள்வரை சுவரில் இரண்டு குழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரசமட்டம் வைத்துப் பலமுறை சரிபார்க்க வேண்டியிருந்தது. ஒரு முனை துளி தாழ்ந்தாலும் கழற்றிவிட்ட வேகன் தானாக உருண்டு போய்விடும்.

பலகை நின்றதும் முதலில் வந்த ஆசை ஊட்டி ரயில். மீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர். ஸ்விஸ் மலை ரயில்களுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் இங்கே கடையிலேயே விற்கிறது. நீலகிரியின் பழைய இன்ஜின்கள் வின்டர்தூரில் செய்தவை, பல்சக்கர முறையும் ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் பொறியாளருடையது என்பதால் உறவும் விட்டுப்போகாது. ஆனால் குன்னூர் ஏற்றத்தில் அந்தப் பாதை சுமார் பன்னிரண்டடிக்கு ஓரடி உயர்கிறது. அந்தக் கணக்கில் என் பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குள் 12 சென்டிமீட்டர்கூட ஏற முடியாது. அதை மலை என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள்.

அடுத்த ஆசை ஹோஹென்ஸொலர்ன் பாலம். கொலோன் வரும் யாரும் பேராலயத்துக்குப் பின்னால் ரைன் நதிமீது அந்த இரும்பு வளைவுகளைப் பார்க்காமல் போவதில்லை. 1911-இல் கட்டி முடித்தது, 1945 மார்ச் 6 அன்று பின்வாங்கிய ஜெர்மன் படையே தகர்த்தது, பின் மீண்டும் எழுந்தது. நீளம் 409 மீட்டர். 87-ஆல் வகுத்தால் நாலே முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. என் சுவரே அவ்வளவு நீளமில்லை.

இந்த இரண்டு ஆசையும் கைவிட்டுப்போன பிறகுதான் பலகைக்கு என்ன பொருந்தும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். பாலத்திலிருந்து ஆற்றோரமாகத் தெற்கே நடந்தால் ரைனாவ் துறைமுகம் வரும். 1898-இல் திறந்தது. இன்று அங்கே சரக்கு இறங்குவதில்லை. கிரேன் வடிவத்தில் எழுந்த மூன்று உயரக் கட்டடங்கள், வீடுகள், அலுவலகங்கள், காட்சிக்கு விட்டுவைத்த பழைய கிரேன்கள். நடுவில் 1909-10-இல் கட்டிய நீண்ட சரக்குக் கிடங்கு ஒன்று இன்னும் நிற்கிறது. கூரை வரிசையாகக் கூம்பு கூம்பாக எழுவதால், பான் நகருக்கு எதிர்க்கரையில் இருக்கும் மலைத்தொடரின் பெயர் அதற்கும் ஒட்டிக்கொண்டது. பெயருக்கு நேர்ப்பொருள் 'ஏழு மலை'. எங்கள் வீட்டில் அது ஏழுமலையான் கிடங்கு. நான் கட்டியது இந்தத் துறைமுகத்தின் நகல் அல்ல, சாயல். காலம் 1960 வாக்கில்.

பாதையின் அமைப்பு என் மூளையில் உதித்ததல்ல. ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வகுத்தது, இங்கில்நுக் என்று பெயர். ஒரு சைடிங்கில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. மூன்றும் கூடும் இடத்துக்கு அப்பால் உள்ள துண்டுப் பாதையில் இன்ஜினும் மூன்று வேகனும் மட்டும் நிற்கலாம். வேகனுக்கு ஒன்றாக எட்டுச் சீட்டு. குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும். எடுத்த வரிசை மாறாமல் அந்த ஐந்து வேகன்களையும் நீண்ட சைடிங்கில் கோத்து நிறுத்த வேண்டும். விதி இவ்வளவுதான். எட்டில் ஐந்தை வரிசைப்படுத்த 6,720 வழி உண்டு. நாளைக்கு ஓர் ஆட்டம் என்றாலும் பதினெட்டு வருடத்துக்குக் காணும்.

கொஞ்சம் ஆடிப் பார்த்தால்தான் இதன் நயம் பிடிபடும். துண்டுப் பாதையில் கூட ஒரு வேகனுக்கு இடம் கொடுத்துப் பாருங்கள், ஆட்டம் சப்பென்று போய்விடும். ஆடுபுலி ஆட்டத்தில் இன்னும் நாலு கோடு கிழித்துவிட்டால் புலியை யார் கட்டுவது? இடம் போதாததுதான் இங்கே ஆட்டமே. பத்து மீட்டருக்குள் அடங்கும் இரண்டச்சு வேகன் ஹா-நுல்லில் 11 சென்டிமீட்டர். ஐந்து வேகனுக்கு 55, இன்ஜினும் மூன்று வேகனும் நிற்க 40, மீதியில் இரண்டு பாயிண்டுகள். 140-க்குள் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது.

இன்ஜினைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோஃப் என்பது ஜெர்மன் ரயில்வேயின் குட்டி டீசல் இன்ஜின். சின்ன நிலையங்களில் வேகன்களைப் பிரித்துக் கோக்கும் ஷண்டிங்குக்கென்றே செய்தது. நிஜத்தில் நீளம் ஆறரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. என் கையில் இருப்பது ஏழரை சென்டிமீட்டர்கூட இல்லை, தீப்பெட்டி ஒன்றரை நீளம். ஷண்டிங் இன்ஜின் மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் போகிறது என்று வையுங்கள். 87-ஆல் வகுத்தால் நொடிக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒன்றரை நிமிடம். மாடல் ரயிலில் வேகமாக ஓடுவது பெரிய காரியமில்லை, எந்த மோட்டாரும் ஓடும். நிற்காமல், திக்காமல், இந்த வேகத்தில் ஊர்வதுதான் அருமை. நல்ல இன்ஜின் கிளம்புவது கண்ணில் படாது. நின்றுகொண்டிருந்தது எப்போது நகர ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது.

அதற்குக் குறுக்கே நிற்பது பாயிண்டின் நடுவில், இரண்டு தண்டவாளம் கூர்மையாகச் சேரும் இடம். ஆங்கிலேயர் அதைத் தவளை என்பார்கள், ஜெர்மானியர் இதயத்துண்டு என்பார்கள். மலிவான பாயிண்டில் அந்தத் துண்டு பிளாஸ்டிக். பெரிய இன்ஜின் வேகத்தில் தாண்டிவிடும். அச்சுக்கு அச்சு மூன்று சென்டிமீட்டர்கூட இல்லாத கோஃப், மின்சாரம் வரும் தண்டவாளத்தை விட்டு அந்தப் பிளாஸ்டிக்கின்மேல் ஏறியதும் மூச்சு நின்றதுபோல் நின்றுவிடும். விரலால் தள்ளினால்தான் நகரும். உலோக இதயம் உள்ள பாயிண்டை வாங்கி, பாதை மாறும்போதெல்லாம் அந்தத் துண்டுக்குப் போகும் மின்சாரமும் மாறும்படி அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்த அன்று, கோஃப் அதைத் தாண்டிப் போனதை முட்டிபோட்டுக்கொண்டு பத்துத் தடவை பார்த்தேன்.

மற்றதெல்லாம் கைவேலை. தண்டவாளத்தின் அடியில் கார்க் ஷீட், ராத்திரி கீழ்வீட்டுக்குச் சத்தம் போகாமலிருக்க. ஜல்லியைத் தூவிப் பிரஷ்ஷால் சமன் செய்து, தண்ணீரில் கரைத்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலக்காவிட்டால் பசை சேப்பங்கிழங்கு இலையில் நீர் நிற்பதுபோல் முத்து முத்தாக நின்று, கூடவே ஜல்லியையும் உருட்டிக்கொண்டு ஓடும். கலந்தால் சட்டென்று உள்ளே இறங்கும். மறுநாள் காலை விரலால் தட்டினால் கல்போல இருக்கும். கிடங்கை ஒட்டிய பாதையில் ஜல்லி கிடையாது. லாரியும் போக வேண்டிய இடமாதலால் கருங்கல் பாவிய தளம். பிளாஸ்டரை மெல்லப் பூசி, ஊசிமுனையால் ஒவ்வொரு கல்லாகக் கீறினேன். மூன்று வாரம் பிடித்தது.

நிறத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. நிஜ வேகனின் அதே செம்பழுப்பை எடுத்துச் சின்ன வேகனுக்கு அடித்தால் கறுத்துப் பொம்மையாகத் தெரியும். தூரத்தில் நிற்கும் வேகனுக்கும் நமக்கும் நடுவே காற்று இருக்கிறது, அது நிறத்தை வெளுக்கச் செய்கிறது. அந்த வெளுப்பைப் பெயின்டிலேயே கொஞ்சம் சாம்பல் கலந்து கொண்டுவர வேண்டும். ஏழுமலையான் கிடங்கும் அப்படித்தான் வெளுத்தது. அதன் ஆழம் மூன்று சென்டிமீட்டர், சுவரோடு ஒட்டிய முகப்பு மட்டும். கூம்புகளிலும் சிலவற்றைத்தான் வைத்தேன். பார்க்கிறவர்கள் யாரும் எண்ணியதில்லை.

ஹாம்பர்க்கில், பழைய துறைமுகக் கிடங்கு ஒன்றுக்குள் 2001-இல் தொடங்கிய மினியேச்சர் வுண்டர்லாண்டுக்குப் போயிருக்கிறேன். விமான நிலையம்வரை எல்லாம் இருக்கிறது. வாய்பிளந்து பார்த்துவிட்டு வந்தேன். அங்கே பார்க்கப் பார்க்கத் தீராது. இங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று நினைக்கும்போதுதான் ஒரு வேகனின் கப்ளிங் மெல்ல ஏறி விழும் 'டிக்' காதில் கேட்கிறது.

போன நவராத்திரிக்குப் பலகையின் கீழே மூன்று படி கொலு வைத்தோம். "ரயிலை மேலே வச்சுட்டுச் சாமியைக் கீழே வச்சிருக்கியேடா" என்று அம்மா வீடியோ காலில் கடிந்துகொண்டாள். வந்த குழந்தைகளில் பலரும் "சுத்தாதா அங்கிள்?" என்று கேட்டுவிட்டு அடுத்த அறைக்கு ஓடிவிட்டார்கள். நண்பர் வீட்டு எட்டு வயதுப் பெண் மட்டும் முக்காலியைப் போட்டு ஏறி நின்றாள். கண் நேரே தண்டவாள மட்டத்துக்கு வந்தது. சுண்டல் கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு ஐந்து சீட்டை எடுத்தாள். நாலாவது வேகனில் சிக்கிக்கொண்டு, எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். பக்கத்து அறையில் பாட்டு முடிந்து தாம்பூலம் கொடுக்க ஆரம்பித்தபோது ஐந்தாவது வேகன் கோத்தது.

பலகையை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு, "துறைமுகம்னு சொன்னீங்களே, தண்ணி எங்க?" என்றாள்.

பலகையின் முன்விளிம்பைக் காட்டினேன். அது துறைமுகச் சுவர், கப்பலைக் கட்டும் இரும்புக் குமிழ்கள்கூட வைத்திருக்கிறேன். "அதுக்கு இந்தப் பக்கம் பூரா ரைன் ஆறு. இப்ப நீ நிக்கிற இடம்தான்."

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். பிறகு பட்டுப்பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முக்காலியிலிருந்து இறங்கினாள்.