வாளி இல்லாத ஆலயம்

ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) ஏறக்குறைய முழுக்கவே ஒரு மருத்துவமனைக்குள் நடக்கும் படம். புற்றுநோய் வந்த கணவனை (முத்துராமன்) மனைவி (தேவிகா) சிகிச்சைக்கு அழைத்து வருகிறாள். மருத்துவர் (கல்யாண்குமார்) அவளுடைய பழைய காதலர். தான் இறந்துவிட்டால் அவளை நீங்களே மணந்துகொள்ள வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்கிறான் கணவன். ஆண்கள் இருவரும் தியாகத்தில் ஒருவரை ஒருவர் விஞ்சுகிறார்கள். அறுவை சிகிச்சை வெற்றி பெறுகிறது, மருத்துவர் இறந்துபோகிறார். அவள் அழுகிறாள், வேண்டிக்கொள்கிறாள், காத்திருக்கிறாள். அத்தனை நாள் நோயாளியின் பக்கத்தில் இருந்தவள் என்ன வேலை செய்தாள் என்பது படத்தின் கண்ணில் படவில்லை.

20 ஆண்டுகள் கழித்து வந்த 'வாழ்வே மாயம்' (1982) அந்த இடத்தையும் பிடுங்கிக்கொண்டது. நாயகன் கமல்ஹாசன் நோயை மறைத்து, ஸ்ரீதேவி தன்னை வெறுக்கும்படி நடந்து, அவரை இன்னொருவருக்கு மனைவியாக்கிவிட்டுச் சாகிறார். காதலிக்குச் சேதி சொல்வதுகூட அவர் விருப்பம்தான்.

இந்தக் கதைகளில் கீமோ ஏன் இல்லை? மல்லசமுத்திரத்தில் என் அம்மாவுக்கு ஆறு சுற்று மருந்து ஏறி முடிந்த பிறகு எனக்கு ஒரு பதில் கிடைத்தது. அறுவை சிகிச்சைக்கு ஒரு நாள் போதும். விளக்கு எரியும், கதவு திறக்கும், முடிவு தெரியும். கீமோவுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. அம்மாவுக்கு 21 நாளுக்கு ஒருமுறை அதே ஊசி, அதே வாந்தி, அதே காய்ச்சல் பயம். அது பாத்திரம் கழுவுவதைப் போல, முடித்த இடத்திலேயே மறுபடியும் தொடங்கும் வேலை. வீட்டுவேலையைக் கதையாகப் பார்க்கத் தெரியாத சினிமாவுக்கு இதையும் பார்க்கத் தெரியவில்லை.

அந்த வேலைக்கு அறிவு வேண்டும். வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் மருந்து, புற்றுக்கும் வாயின் உள்தோலுக்கும் முடியின் வேருக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் பேதம் பார்ப்பதில்லை. "வாயெல்லாம் இரும்பக் கடிச்ச மாதிரி இருக்குது கண்ணு" என்றார் அம்மா. காரம் நின்றது. உப்பும் சோடா மாவும் கலந்த தண்ணீரில் வாய் கொப்பளிக்க வைத்தேன். சேலத்துக்குப் போகும் பேருந்து ஆட்டையாம்பட்டியைத் தாண்டும்போது முறுக்கு வேகும் எண்ணெய் வாசம் வரும். அதற்கு முன்பே ஜன்னலைச் சாத்திவிடுவேன். மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வாக்கில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், மாத்திரை கொடுத்துப் பொழுது விடியக் காத்திருக்கக் கூடாது, நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தெர்மாமீட்டர் என் தலையணைக்கு அடியில் இருந்தது.

தெருவில் இதற்கு வேறு பெயர். "பொட்டப்புள்ளைன்னா பொட்டப்புள்ளதான். ஆத்தாள எப்படிப் பாத்துக்குது பாரு." பணம் கட்டிய தம்பியைப் பொறுப்பானவன் என்றார்கள், என்னைப் பாசக்காரி என்றார்கள். பொறுப்பு என்றால் கணக்கு உண்டு, முறை மாற்றிக்கொள்ளலாம். பாசத்துக்குக் கணக்குக் கேட்டால் அது பாசமே இல்லை என்பார்கள். தம்பிக்கு வாளியைக் கழுவும் முறை ஒருநாளும் வரவில்லை.

கீமோ மருந்தின் எச்சம் சுமார் 48 மணி நேரம் வரை நோயாளியின் வாந்தியிலும் சிறுநீரிலும் வெளியேறும். அதைத் துடைப்பவர் கையுறை போட வேண்டும் என்பது மருத்துவ விதி. வார்டில் செவிலியர் கையுறை அணிவது பாதுகாப்பு. வீட்டில் மகள் கையுறை கேட்டால், பெற்றவளைத் தொட அருவருப்பா என்பார்கள். பாசம் என்ற சொல் ஒரு பெண்ணின் உடம்பை எப்படி ஆபத்தில் தள்ளும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் கையுறைதான்.

இங்கே பெண்ணியப் புத்தகங்களும் பாதிதான் துணைக்கு வந்தன. சூசன் சொன்டாக் (1978) நோயைப் போராகவும் சாபமாகவும் உருவகிப்பதை மறுத்தார். ஆட்ரி லார்ட் (1980), மார்பகத்தை எடுத்த பின் செயற்கை மார்பு வைக்க மறுத்து, நோயாளியின் மௌனத்தை உடைத்தார். இரண்டும் எனக்கு வேண்டியவை. ஆனால் இரண்டிலும் மையம் நோயும் நோயாளியும். வாளியைத் தூக்குபவளின் இடத்திலிருந்து எழுதிய புத்தகம் தமிழில் நமக்கு இன்னும் நிறைய வேண்டும்.

அதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரம் அவரிடம் பல ஆண்டு நீண்ட கோரிக்கையாக மாறியது. 1954இல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. மறு ஆண்டு அங்கே வேலைக்குச் சேர்ந்த மருத்துவர் சாந்தா, 2021இல் இறக்கும்வரை அந்த நிறுவனத்தோடு இருந்தார்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவைப் பேசுகிறது. கூடவே இருப்பவள் இழக்கும் கூலியைப் பேசவில்லை. நாமாவது பேசலாம். அடுத்த முறை மருந்துச் சீட்டோடு ஒரு பெட்டி கையுறையும் தமிழில் அச்சிட்ட வழிமுறைத் தாளும் கேளுங்கள். அந்தத் தாளை வீட்டு ஆண்கள் கையில் முதலில் கொடுங்கள்.