கால் தோசை

குழந்தைப் புத்தகம் என்றால் கடைசிப் பக்கத்தில் ஒரு நீதி இருக்கவேண்டும் என்று நினைக்கிறவர்கள் நாம். சிரிப்பு மட்டும் போதாதா? போதும் என்பது என் கட்சி.

அமெரிக்காவில் டாக்டர் சூஸ் 236 சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு 1957-இல் தொப்பிப் பூனையின் கதையை எழுதினார். பள்ளி வாசகங்கள் பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டுகின்றன என்ற குறைக்கு அதுவே பதிலாயிற்று. நமக்கு அழ. வள்ளியப்பா ஓசையின்பம் தந்தார். சென்னையில் 1996-இல் தோன்றிய தூலிகா, தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படப் புத்தகங்களைத் தந்தது. நல்ல காரியந்தான். ஆனால் இருமொழிப் புத்தகத்தில் கதை அக்கரை சேரும். சிலேடை இக்கரையிலேயே நின்றுவிடும்.

'கால் தோசை' என்று எழுதி, கால் முளைத்த தோசை தட்டைவிட்டு ஓடுவதாகப் படம் போடுங்கள். இதை எந்த மொழியில் பெயர்ப்பது? ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் சேவூர்ப் பிள்ளைக்குக் கால் என்றால் நடக்கிற கால்தான் தெரியும். பனியன் கம்பெனியிலிருந்து அலுத்து வரும் தாய், "நாலா பிச்சா ஒண்ணு காலு, கண்ணு" என்பாள். ஆங்கிலப் புத்தகத்தின் முன் வாய் திறக்காதவள் இங்கே ஆசிரியை ஆகிறாள். பிள்ளை சிரிக்கிறது, ஒரு சொல்லும் பிழைக்கிறது.

காளமேகத்தின் சிலேடையை மேடைதோறும் மெச்சுகிறோம். அந்தச் சொத்தில் பேரப்பிள்ளைக்கும் பங்கு கொடுக்க வேண்டாமா?