லீக் ஆச்சா, லீக் பண்ணாங்களா?

திருவொற்றியூரில் ‘லீக்’ தெரியாத வீடு கிடையாது. குழாய் லீக், சிலிண்டர் லீக். எங்க அம்மா வாயிலேயே ‘சொட்டுது’ போய் ‘லீக் ஆவுது’ வந்துவிட்டது.

கூட ஒட்டுகிற வினையைக் கவனியுங்கள். கேள்வித்தாள் என்றால் ‘லீக் பண்ணிட்டாங்க’. யாரோ செய்தார்கள். வாயு என்றால் ‘லீக் ஆயிடுச்சு’. தானாகவே ஆனது போல. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயிலிருந்து வந்த வாயு அது. செய்திகளில் ‘அமோனியா கசிவு’. குழாயைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அந்த இரண்டு வார்த்தையில் இல்லை.

‘கசிவு’ இன்னும் மென்மை. பக்தியில் மனசு கசியும் (தேவாரம் பாடப்பட்ட ஊர்க்காரன் சொல்கிறேன்). 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் பரவிய எண்ணெய்க்கும் அதே சொல்தான். ஆங்கிலத்திலாவது அதற்கு ‘ஸ்பில்’ என்று தனி வார்த்தை உண்டு. நம்ம கரையில் அதை வாளி வாளியாக அள்ளினார்கள். கசிந்ததையா வாளியில் அள்ளுவாங்க? கொட்டியது என்று எழுதலாமே.

அமோனியாவுக்கும் ‘கசியவிட்டார்கள்’ என்று எழுதத் தமிழில் தடை ஒன்றுமில்லை. கேள்வித்தாளுக்கு எழுதுகிறோமே.