‘லாம்’ என்றொரு விகுதி

பெருமாள்மலை ஜங்ஷனில் நின்றால் மூன்று பக்கம் இறங்கலாம். வத்தலக்குண்டுக்கு ஒரு ரோடு, பழனிக்கு ஒன்று, அடுக்கம் வழியாகப் பெரியகுளத்துக்கு ஒன்று. மேலே ஏறினால் கொடைக்கானல். இந்த ஊர்க்காரருக்குத் தாலுகா ஆபீஸ் கொடைக்கானலில், கலெக்டர் திண்டுக்கல்லில். எம்.எல்.ஏ. பழனித் தொகுதிக்காரர். ரோட்டில் இறங்கிப் பெரியகுளம் போய்விட்டாலோ அது தேனி மாவட்டம். திண்டுக்கல் 1985-லும், தேனி தொண்ணூறுகளிலும் பழைய மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்தவை. மலை நகரவில்லை, கோடுகள்தான் நகர்ந்தன.

2025 மே மாதம் அங்கே ஒரு டீக்கடையில் சும்மா கேட்டேன், “இங்க பஞ்சாயத்துத் தலைவர் யாருக்கா?” “தலைவரா? அதெல்லாம் ஜனவரியோட முடிஞ்சு போச்சு தம்பி. இப்ப ஆபீசர்தான். தண்ணிக்கு எழுதிக் குடுத்திருக்கோம். பாக்கலாம்.”

பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அந்த ‘லாம்’ பிடித்துக்கொண்டது. தமிழில் இந்த விகுதி ஒரு தந்திரக்காரன். ‘போகலாம்’ என்றால் அனுமதி. ‘மழை வரலாம்’ என்றால் சாத்தியம். ‘பாக்கலாம்’ என்றால் பெரும்பாலும் நடக்காது என்று அர்த்தம்.

நம் அரசியலமைப்பின் ஒன்பதாம் பகுதியை ஒரு இலக்கியப் பிரதியைப் போல வாசித்துப் பார்க்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை. 73-வது திருத்தம், 1993 ஏப்ரல் 24 முதல் அமலில் இருப்பது. அதன் வினைச்சொற்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். கிராமம், இடைநிலை, மாவட்டம் என்று மூன்று அடுக்கு இருக்க வேண்டும்: அங்கே ‘ஷால்’. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு: ‘ஷால்’. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல்: ‘ஷால்’. பிறகு 243ஜி வருகிறது. இந்த அமைப்புகளுக்கு என்ன அதிகாரம்? அங்கே மட்டும் வினைச்சொல் மாறிவிடுகிறது. மாநிலச் சட்டமன்றம் வழங்கலாம். குடிநீர், சாலை, சிறு வன விளைபொருள் என்று பதினோராம் அட்டவணையில் 29 இனங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த அட்டவணை முழுக்க இந்த ஒரு ‘மே’யில்தான் தொங்குகிறது. பாத்திரம் கட்டாயம், சோறு அவரவர் இஷ்டம்.

மென்பொருள் எழுதுகிறவர்கள் இதை உடனே பிடித்துவிடுவார்கள். இணைய நெறிமுறைகளுக்கென்றே 1997-ல் வந்த ஆர்.எஃப்.சி. 2119 என்ற சின்ன ஆவணம் ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘மே’ போன்ற சொற்களை வரையறுக்கிறது. ‘மே’ என்றால் உண்மையிலேயே விருப்பம். ஒருவர் செய்வார், இன்னொருவர் செய்யமாட்டார், இருவர்மீதும் குற்றமில்லை. எங்கள் தொழிலில் ‘மே’ என்று எழுதிய வசதியை யாரும் செய்யாமல் விட்டால் நாங்கள் அதிர்ச்சி அடைவதில்லை.

சரி, ‘ஷால்’ மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில், அதுவும் 27 மாவட்டங்களுக்கு மட்டும். அவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிய, மறுபடி தனி அலுவலர்கள். 2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் கொடைக்கானல் நகராட்சியில் இருக்கிறார்கள். சில கொண்டை ஊசி வளைவுகள் கீழே, ஊராட்சியில் ஆளில்லை. ஆள் இருக்கும்போதும் கலெக்டர்தான் ‘ஊராட்சிகளின் ஆய்வாளர்’. 1994-ம் வருடத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-வது பிரிவின்படி, விசாரித்து, வார்டு உறுப்பினர்களின் கருத்தையும் கேட்டு, தலைவரைப் பதவி நீக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. மக்கள் ஓட்டுப்போட்டு வந்தவரை ஒரு அதிகாரி நீக்க முடிகிற அடுக்கை அரசாங்கம் என்று சொல்வதா, கிளை அலுவலகம் என்று சொல்வதா?

பெருமாள்மலை ஜங்ஷனில் சீசன் நேரத்து நெரிசலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதற்குத்தான் 2024 மே 7 முதல் இ-பாஸ், 2025 ஏப்ரலிலிருந்து கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த எண்ணைச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். இந்த மலையில் எத்தனை வண்டி தாங்கும் என்ற கேள்விக்கு, அந்தப் புகையில் கடை வைத்திருப்பவர் பதில் சொல்ல ஒரு இடமே நம் அமைப்பில் இல்லை.

இந்த ‘மே’ அங்கே வந்ததற்குக் காரணம் அலட்சியம் இல்லை. உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். டெல்லி ‘ஷால்’ என்று எழுதியிருந்தால் நாமே அதை ஊடுருவல் என்று சொல்லியிருப்போம். அதாவது அந்த ‘லாம்’ மாநிலங்களுக்குச் செய்த மரியாதை. மேலே உள்ள அடுக்கை மதித்த ஒரு சொல், கீழே உள்ள அடுக்கைக் காலி செய்துவிட்டது. கூட்டாட்சி பற்றித் தமிழில் எழுதியவர்கள் இந்த முடிச்சில் ஏன் விரல் வைக்கவில்லை என்பதுதான் என் குறை. ஒன்றியத்தின் பிரதியை நாம் மிகக் கறாராக வாசிக்கிறோம். 1969-ல் ராஜமன்னார் குழு அமைத்ததே அந்த வாசிப்புதான். அதே கண்ணாடியை நம் சொந்தச் சட்டத்தின் பக்கம் திருப்புவதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை நான் லேசாகத் தாண்டமாட்டேன். கிராமம் அறியாமையின், குறுகிய மனப்பான்மையின், வகுப்புவாதத்தின் குகை என்று அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் பத்தாண்டுகள் ஒழுங்காகத் தேர்தலே நடக்கவில்லை. மேலவளவில் தலைவர் முருகேசனை 1997-ல் வெட்டிக் கொன்றார்கள். இந்த ஊர்களுக்கு அதிகாரமா என்று கேட்பவரின் பயம் பொய்யில்லை. ஆனால் பாருங்கள், 2006-ல் அந்த மூன்று ஊர்களிலும் தேர்தல் நடந்தது. நடத்தியாக வேண்டும் என்று பிரதி சொன்னதால்தான், விட்டுவிடாமல் கேட்க முடிந்தது. சாதியை எதிர்கொண்ட இடத்தில் ‘ஷால்’ இருந்தது. ‘மே’ எந்தத் தலித் தலைவரையும் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. கையெழுத்துக்கு மதிப்பில்லாத ஒரு நாற்காலியில் உட்கார வைத்தது, அவ்வளவுதான்.

மன்னவனூர் தாண்டி கிளாவரை வரை போனால் மலைக்கு அந்தப் பக்கம் வட்டவடை, இடுக்கி மாவட்டம். அங்கேயும் இதே 243ஜி, இதே ‘மே’. ஆனால் 1996-ல் கேரளம் தன் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கி, மக்கள் திட்டம் என்று தொடங்கியது. குறைகள் அதிலும் உண்டு. ஆனாலும் ‘வழங்கலாம்’ என்பதை ‘வழங்கினோம்’ என்று வாசிக்க ஒரு மாநிலத்தால் முடிந்தது, டெல்லியைக் கேட்காமலே.

2025 ஜனவரியில் தனி அலுவலர்களை நியமிக்கும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஏப்ரலில் அதே அவையில் மாநில உரிமைகளை ஆராய நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் குழு அறிவிக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவில் மூன்று மாதம்.