கிளிப்புக்கு அடுத்த எறி: டிஸ்க் கோல்ஃப் குறிப்புகள்

முதலில் ஒரு திருத்தம். சில மாதங்களுக்கு முன் இங்கே எழுதிய ஒரு சிறு குறிப்பில், 2021 உலக சாம்பியன்ஷிப்பில் பால் மெக்பெத் அழுத்தம் தாங்காமல் உடைந்துபோனார் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரி தப்பு. தோற்றது அவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் பார்த்த விதம் தப்பு. எப்படித் தப்பாகப் பார்த்தேன், பார்க்க வைத்தது எது என்று யோசித்ததில் இது கொஞ்சம் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் கோல்ஃப் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கோல்ஃப் மாதிரியேதான், பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு. குழிக்குப் பதில் கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் ஒரு கூடை. ஹோல் என்று பேர்தான், தரையில் ஓட்டை எதுவும் கிடையாது. குறைந்த எறிகளில் 18 கூடைகளை முடிப்பவர் வெற்றி. இந்தச் சங்கிலிக் கூடையைக் கொண்டுவந்த எட் ஹெட்ரிக்தான் 1976இல் பிடிஜிஏ என்கிற தொழில்முறைச் சங்கத்தையும் தொடங்கினார். 2002இல் அவர் இறந்தபின், அவர் விருப்பப்படி அஸ்தியைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். கட்டுரைக்குச் சம்பந்தமில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2021 ஜூன், யூட்டா மாநிலத்தின் ஆக்டன். உலக சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்று, கடைசி ஹோல். மெக்பெத் ஒரு எறி முன்னிலையில் இருக்கிறார். அதே குழுவில் ஆடும் ஜேம்ஸ் கான்ராட் கூடையிலிருந்து 247 அடி தூரத்தில் நிற்கிறார், அதாவது கிட்டத்தட்ட 75 மீட்டர். அங்கிருந்து கூடைக்கு அருகில் போட்டாலே நல்ல எறி. கான்ராட் எறிந்த தட்டு நேராகச் சங்கிலியில் விழுந்தது. ஸ்கோர் சமமானது, ப்ளேஆஃப் வந்தது, முதல் ஹோலிலேயே கான்ராட் உலக சாம்பியன் ஆனார். அந்த எறிக்கு 'ஹோலி ஷாட்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். டிஸ்க் கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் அந்தக் கிளிப்பைப் பார்த்திருப்பார்கள்.

நானும் கிளிப்பாகத்தான் பார்த்தேன். ராத்திரி ஒரு பில்டு ஓடி முடிவதற்காகக் காத்திருந்தபோது வந்து மாட்டியது. தட்டு பறக்கிறது, சங்கிலி சத்தம், கூட்டம் அலறுகிறது, முடிந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் மெக்பெத் டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தோடு 10 ஆண்டுகளுக்கு 1 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டிருந்தார். அந்த விளையாட்டில் அதுவரை யாரும் கேள்விப்படாத தொகை. இரண்டையும் சேர்த்தேன்: கோடி டாலர் வீரர், அதிசய எறி, ப்ளேஆஃப் தோல்வி. "உடைந்துபோனார்" என்கிற வரி தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் கவனிக்காமல் விட்டது ஒரே ஒரு விஷயம். இந்த விளையாட்டில் கூடையிலிருந்து அதிக தூரத்தில் இருப்பவர்தான் முதலில் எறிய வேண்டும். கான்ராட் 247 அடியிலிருந்து போட்டு முடித்துவிட்டார். மெக்பெத் அந்த ஹோலை இன்னும் முடிக்கவில்லை. அந்த அலறலுக்குப் பிறகு, ஒரு நிமிடம் முன்புவரை தன்னுடையதாக இருந்த பட்டம் காற்றில் தொங்க, அவர் தன் தட்டை எடுத்துக் கூடையில் சேர்த்தாக வேண்டும். ஒன்று தவறினால் ப்ளேஆஃபே கிடையாது, அங்கேயே கதை முடிந்தது. அவர் சேர்த்தார். ப்ளேஆஃப் நடந்தது என்பதே அதற்குச் சாட்சி.

அந்தப் போட்டியில் அழுத்தம் என்ற ஒன்று எங்கேயாவது கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது என்றால், அங்கேதான் இருந்தது. கிளிப் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. முழுக் காணொளியில் அது இருக்கிறது. ஆனால் கதை ஏற்கனவே முடிந்துவிட்ட மாதிரி மனசுக்குத் தோன்றுவதால் கண் அதில் நிற்பதில்லை. என் கண் நிற்கவில்லை.

இதற்கு யாரைக் குறை சொல்வது? என்னைத்தான் முதலில். ஆனால் இந்த விளையாட்டு படமாக்கப்படும் முறைக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். டிஸ்க் கோல்ஃபை உலகம் அறிந்தது பெரும்பாலும் யூடியூப் வழியாக, அதிலும் ஜோமெஸ்ப்ரோ என்கிற குழுவின் காணொளிகள் வழியாக. நேரலை கிடையாது. சுற்று முடிந்தபின் வெட்டி, ஒட்டி, வர்ணனையையும் அப்புறம் பதிவுசெய்து, பெரும்பாலும் மறுநாளே ஏற்றிவிடுவார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் நடக்கும் சுற்று, ஒரு மணி நேரச் சொச்சத்தில் முன்பாதி பின்பாதி என்று இரண்டு காணொளிகளாகிவிடும்.

அழகான வேலை, அதில் மாற்றுக் கருத்தில்லை. தட்டு எந்தக் கோணத்தில் கையை விட்டுக் கிளம்புகிறது, எந்த மரத்தைச் சுற்றி வளைகிறது என்பதை அவர்கள் காட்டுகிற மாதிரி நேரலையில் பார்க்க முடியாது. வர்ணனை செய்கிற நேட் செக்ஸ்டனும் ஜெரமி கோலிங்கும் தாங்களே தொழில்முறை வீரர்கள். செக்ஸ்டன் 2017 அமெரிக்க சாம்பியன். அதனால் "இந்த இடத்தில் காற்று இடமிருந்து அடித்தால் தட்டு தூக்கிவிடும்" என்கிற மாதிரி விஷயங்கள் எல்லாம் கைப்பழக்கத்திலிருந்து வருகின்றன, புத்தகத்திலிருந்து அல்ல.

ஆனால் வெட்டப்படுவது எது? நடப்பது, காத்திருப்பது, மற்றவர் எறியும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. பார்ப்பவருக்கு அது சலிப்பு. ஆடுபவருக்கு ஆட்டத்தின் பெரும்பகுதியே அதுதான்.

என் தொழில் மொழியில் சொன்னால் இது டைம்ஸ்டாம்ப் இல்லாத லாக் ஃபைல். எல்லா நிகழ்வும் வரிசையாக இருக்கும், ஒன்றுகூட விட்டுப்போயிருக்காது. ஆனால் நாலாவது வரிக்கும் ஐந்தாவது வரிக்கும் நடுவில் சர்வர் 40 விநாடி மூச்சுப்பேச்சில்லாமல் நின்றது என்பது தெரியவே தெரியாது. ஐந்தாவது வரியில் எர்ரர் இருந்தால் ஐந்தாவது வரியைத்தான் திட்டுவோம். புரொடக்‌ஷனில் இப்படி ஒரு லாகை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க மாரடித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இந்த முறைக்குப் பொருத்தமான ஆட்டமும் உண்டு. 2018 கிரேட் லேக்ஸ் ஓபனில், மிச்சிகனின் டொபாகன் மைதானத்தில் மெக்பெத் ஒரு சுற்றை 18 அண்டரில் முடித்தார். 18 ஹோல், 18 குறைவு. அந்தக் காணொளியை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. வீட்டில், "ஏங்க, அதே தட்டு அதே கூடைதானே, திரும்பத் திரும்ப என்ன பாக்கறீங்க?" என்று கேட்டாயிற்று. அந்தச் சுற்றில் எதிராளி என்று யாருமில்லை. மனிதரும் மைதானமும் மட்டும்தான். ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று ஒட்டிக்கொண்டே போவது அந்த ஆட்டத்தின் மனநிலைக்கு ஒத்துப்போகிறது. ஆக்டனுக்கு அதே வெட்டு ஒத்துவரவில்லை. இரண்டையும் ஒரே இலக்கணத்தில் சொல்லலாம் என்று நினைப்பதில்தான் கோளாறு.

இன்னொரு கோளாறு, போட்டி மனப்பான்மையைச் சொல்கிற விதம். மெக்பெத்தும் ரிக்கி வைசாக்கியும் என்றாலே ரசிகர்கள் 'பரம வைரிகள்' கதையைத் தொடங்கிவிடுவார்கள். கதைக்கு வேண்டிய சரக்கு இருக்கத்தான் செய்கிறது. 2012இலிருந்து 2015 வரை நாலு உலகப் பட்டமும் மெக்பெத்துக்கு. 2016, 2017 இரண்டும் வைசாக்கிக்கு. ஆறு ஆண்டுகள், இரண்டே பெயர்கள். 2019இல் மெக்பெத் இன்னோவா நிறுவனத்தை விட்டுப் போக, அதே பருவத்தில் வைசாக்கி இன்னோவாவுக்கு வந்தார். சினிமாவுக்கு எழுதின மாதிரி இருக்கிறது.

ஆனால் இந்த ஆட்டத்தில் ஒருவர் இன்னொருவரை என்ன செய்ய முடியும்? டென்னிஸில் எதிராளியின் பலவீனமான பக்கம் பார்த்து அடிக்கலாம். குத்துச்சண்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இங்கே எதிராளியின் தட்டைத் தொடக்கூட முடியாது. அதைவிட வேடிக்கை, பெரும்பாலும் நடுவர் என்று தனியாக யாரும் இருக்க மாட்டார்கள். குழுவில் இருக்கும் வீரர்களே ஒருவருக்கொருவர் நடுவர், ஒருவருக்கொருவர் ஸ்கோர் எழுதுபவர். உங்கள் வைரிதான் உங்கள் கணக்குப்பிள்ளை! கால் கோட்டைத் தாண்டியதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஒரு எறிக்கு 30 விநாடி என்று விதி இருக்கிறது. தாண்டினால் முதலில் எச்சரிக்கை, அதன்பிறகு ஒரு எறி அபராதம். மூன்று மணி நேரம் கூடவே நடந்து வருகிற ஆளிடம், அதுவும் பட்டத்துக்கு மோதும் ஆளிடம், "நேரமாச்சு" என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! சொன்னால் அல்பம், சொல்லாவிட்டால் ஏமாளி. 2022 ஐரோப்பிய ஓபனில் அதிகாரி ஒருவர் நேர எச்சரிக்கை கொடுக்கப் போய், ஒரு முன்னணி வீரர் அவரிடம் ஆவேசமாகப் பாய்ந்து தடை வாங்கியதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அழுத்தம் வெடிக்கிற இடம் கடிகாரமாகத்தான் இருக்கும்.

கல்லூரி ஹாஸ்டலில் கேரம் ஆடியவர்களுக்கு இது பழக்கமான அவஸ்தை. எதிராளி ஒவ்வொரு காயாகப் போட்டுக்கொண்டே இருப்பான். நாம் பவுடர் படிந்த விரலைத் தேய்த்துக்கொண்டு போர்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். நம் முறை வரும்போது கை நம் கையாக இருக்காது. அவன் நம்மை எதுவும் செய்யவில்லை. உட்கார வைத்தான், அவ்வளவுதான்.

படம்தான் இப்படி, எண்களாவது உண்மையைச் சொல்லுமா என்று பார்த்தேன். எண் என்றால் எனக்கு ஒரு சபலம். பிடிஜிஏ ஒவ்வொரு வீரருக்கும் ரேட்டிங் தருகிறது. 1000 என்றால் தேர்ந்த ஆட்டம், உச்சத்தில் இருப்பவர்கள் 1040க்கு மேல். சதுரங்கத்தின் ஈலோ மாதிரி என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை. ஈலோவில் யாரை வென்றீர்கள், யாரிடம் தோற்றீர்கள் என்பது சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. இங்கே எதிராளிக்கு ஒரே வேலைதான். அன்றைக்கு மைதானம் எவ்வளவு கடினம் என்று கணக்கிட, ஏற்கனவே ரேட்டிங் உள்ள மற்ற வீரர்களின் ஸ்கோர் பயன்படுகிறது. அதோடு சரி. பட்டத்துக்காக மோதும் ஆள் பக்கத்தில் நின்றாரா, நூறு பேருக்குப் பின்னால் ஆடினாரா, சூத்திரத்துக்குக் கவலையில்லை.

இன்னொன்று இதைவிடச் சுவாரசியம். ஒருவரின் சராசரியைவிட 100 புள்ளிகளோ, 2.5 திட்டவிலக்கமோ கீழே போகிற சுற்றுகளை ரேட்டிங் கணக்கிலிருந்து தூக்கிவிடுகிறார்கள். புள்ளியியல்படி சரியான முடிவுதான். காயம், சலிப்பு, வேண்டுமென்றே மோசமாக ஆடுவது என்று எத்தனையோ காரணம் இருக்கலாம், நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் பாருங்கள், ஒரு மனிதர் முற்றிலுமாகக் கலங்கிப்போன நாளும் அதே சல்லடையில் வெளியே போகிறது. சின்னச் சின்னக் கலக்கங்களோ சராசரியில் கரைந்துவிடுகின்றன. ஆக்டனில் அந்தக் கூச்சலுக்குப் பின் மெக்பெத் முடித்துவைத்த எறி கணக்கில் ஒன்று, வெறும் ஒன்று. காலை முதல் ஹோலில் யாரும் பார்க்காதபோது போட்ட எறியும் ஒன்று.

கான்ராடைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். தோற்றால் போச்சு, வென்றால் அதிசயம் என்று நிற்கிறவருக்கு ஒரு விடுதலை இருக்கிறது என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அந்த விடுதலை இருக்கிற எல்லோரும் 75 மீட்டரிலிருந்து சங்கிலியில் போட்டுவிடுவதில்லையே. அதைவிட, கொண்டாட்டம் அடங்கும் முன்பே ப்ளேஆஃபில் திரும்ப நிதானமாக ஆடினாரே, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவருடைய அந்த ஹோலையும் அந்த ஒரே எறி விழுங்கிவிட்டது. கிளிப்பால் இருவருக்குமே நஷ்டம்தான்.

அடுத்த ஆண்டு, 2022. கான்சாஸின் எம்போரியாவில் உலக சாம்பியன்ஷிப். மறுபடியும் ப்ளேஆஃப், மறுபடியும் மெக்பெத். இந்த முறை எதிரில் ஏரன் கோசேஜ். மெக்பெத் வென்றார், ஆறாவது உலகப் பட்டம். 'பழி தீர்த்தார்' என்று தலைப்பு வைக்கக் கை துறுதுறுக்கும். யாரைப் பழி தீர்த்தார்? கோசேஜ் ஒரு பாவமும் அறியாதவர்.

அந்த முழு ஒளிபரப்பைப் போன வாரம் பார்க்க உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. யூடியூபில் நான் எல்லாவற்றையும் 1.5 வேகத்தில்தான் பார்க்கிறேன், வருஷக்கணக்காக. ஜோமெஸ்ப்ரோ வெட்டியது போக மீதியை நான் வெட்டியிருக்கிறேன். வேகத்தை 1க்குக் குறைத்துவிட்டு, கோசேஜ் எறியும்போதெல்லாம் திரையின் ஓரத்தில் மெக்பெத் தெரிகிறாரா என்று தேடிக்கொண்டிருந்தேன். சில இடங்களில் தெரிகிறார். பெரும்பாலும் ஃபிரேமுக்கு வெளியேதான் நிற்கிறார்.